‘கலோர்’: ஒரு துண்டுப் பிரசுரத்தில் தொடங்கிய கேள்விகள்

பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி நெருங்கும்போது யாராவது ஒருவர் ஜவுளிக்கடைத் துண்டுப் பிரசுரம் ஒன்றை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து: ‘ஆஃபர்ஸ் கலோர்!’ முதல் சொல் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது சொல்லில்தான் விரல் வைத்துக் கேட்பார்கள். ‘கடை முதலாளி பெயரா சார்?’ என்று கேட்டவரும் உண்டு. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கலோர் என்றால் என்ன பொருள்?

ஏராளமாக, தாராளமாக, வேண்டிய மட்டும். மூன்றில் எதைச் சொன்னாலும் தவறில்லை. ஆனால் மூன்றாவதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லின் பிறப்புக்கு மிக நெருக்கமானது அதுதான். ஏன் என்பது கொஞ்சம் கீழே வருகிறது.

எப்படிச் சொல்ல வேண்டும்? ‘கேலரி’ மாதிரியா?

இல்லை. கங்கை, கணேசன் என்று சொல்லும்போது வரும் அந்த ‘க’வைச் சட்டென்று சொல்லிக் கடந்து, ‘லோர்’ என்பதில் நின்று சொல்லுங்கள். முழு அழுத்தமும் இரண்டாம் பகுதியில்தான். ‘க’ அரைகுறையாகக் காதில் விழுந்தால் போதும்.

இந்த அழுத்தம் தற்செயலானது அல்ல. ஒரு காலத்தில் இது இரண்டு சொற்கள். முதல் சொல் ஒரு சின்ன ஒட்டு, கனமெல்லாம் இரண்டாவதில். ஒட்டியபிறகும் பழைய எடை அப்படியே தங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் அடைமொழி முன்னால்தானே வரும்? இது மட்டும் ஏன் வாலில் தொங்குகிறது?

நல்ல கேள்வி. ‘பிக் ஆஃபர்ஸ்’ என்போம், ‘மெனி ஆஃபர்ஸ்’ என்போம். ‘கலோர் ஆஃபர்ஸ்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். பெயர்ச்சொல் முதலில், கலோர் பிறகு. ஆங்கிலத்தில் இப்படிக் கட்டாயமாகப் பின்னால் நிற்கும் சொற்கள் மிகக் குறைவு.

காரணம், அது தன் தாய்மொழியில், அதாவது அயர்லாந்தின் ஐரிஷில், நின்ற இடத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டது. ஐரிஷ் மொழியில் நேரம் என்பதற்கு ‘ஆம்’ என்று பெயர். ‘ஆம் கு லோர்’ என்றால் வேண்டிய மட்டும் நேரம். நேரம் முன்னால், அளவு பின்னால். இதே சொல்லை ஐரிஷ்காரர்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வைப்பார்கள், இன்று அதிகம் கேட்பது அப்படித்தான். ஆங்கிலம் பின்னால் நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே சட்டமாக்கிவிட்டது.

‘ஆப்பர்சூனிட்டீஸ் ஆர் கலோர்’ என்று எழுதினால் தவறா?

நம் நாட்டு ஆங்கிலத்தில் இதைப் பார்க்காத நாளே இல்லை. ஆனாலும் தவறுதான். ‘ஆர்’ போட்டு, அதற்குப் பின்னால் கலோரைப் பயனிலையாக உட்காரவைக்கக் கூடாது. ‘தேர் ஆர் ஆப்பர்சூனிட்டீஸ் கலோர்’ என்றால் சரி, ஏனென்றால் அங்கே அது பெயர்ச்சொல்லின் முதுகோடு ஒட்டி நிற்கிறது.

எனக்குத் தோன்றும் காரணம் இது: நாம் மனத்துக்குள் ‘வாய்ப்புகள் ஏராளமாக இருக்கின்றன’ என்று தமிழில் சொல்லிக்கொண்டு, ‘இருக்கின்றன’ என்பதற்கு ஒரு ‘ஆர்’ போடுகிறோம். தமிழ் வாக்கியம் பிழையற்றது; பாலம் கடக்கும்போதுதான் கால் இடறுகிறது.

‘எ கலோர் ஆஃப் கிஃப்ட்ஸ்’?

வேண்டாம். முன்பு இதைப் பெயர்ச்சொல்லாக எழுதியவர்கள் உண்டு, இன்று எடுபடாது.

எதனோடு சேர்க்கலாம், எதனோடு சேர்க்கக் கூடாது?

பன்மையோடு சேரும்: புத்தகங்கள், பரிசுகள், கோல்கள். எண்ண முடியாத பொருளோடும் சேரும்: உணவு, பணம், விஸ்கி. ஒற்றைப் பொருளோடு சேராது. ‘ஒரு நாற்காலி ஏராளமாக’ என்று தமிழிலும் சொல்லமாட்டோமே.

தொனியையும் கவனியுங்கள். இது விளம்பரத்துக்கும் தலைப்புக்கும் பேச்சுக்கும் உரிய சொல், கொஞ்சம் கொண்டாட்டமான சொல். விபத்துச் செய்தியில் ‘காயங்கள் கலோர்’ என்று எழுதினால் கேலியாகத் தொனிக்கும். அலுவலகக் கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் தவிர்த்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் வங்கிக்கு எழுதிய கடன் விண்ணப்பத்தில் தன்னிடம் ‘ப்ராப்பர்ட்டி கலோர்’ இருப்பதாக எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

இது ஆங்கிலச் சொல்லே இல்லை என்கிறீர்களா? பிறகு எங்கே பிறந்தது?

அயர்லாந்தில், ஐரிஷ் மொழியில். அங்கே அது இரண்டு சொல்: ‘கு லோர்’. ‘குரு’ என்னும்போது வரும் கு. பழைய ஐரிஷிலேயே ‘லோர்’ என்றால் ‘போதுமானது’ என்று பொருள். ‘கு’ பண்புச்சொல்லுக்கு முன்னால் வந்து அதை வினையடையாக்கும் ஒட்டு. ‘மஹ்’ என்றால் நல்ல, ‘கு மஹ்’ என்றால் நன்றாக. ‘தப்ப’ என்றால் வேகமான, ‘கு தப்ப’ என்றால் வேகமாக.

புரிகிறதல்லவா? நம்முடைய ‘ஆக’ செய்யும் வேலையைத்தான் அந்த ‘கு’ செய்கிறது. நமக்கு ஒட்டு பின்னால், அவர்களுக்கு முன்னால். ஆக, கு லோர் என்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் கிடைப்பது ‘ஏராளமாக’ அல்ல, ‘போதுமானதாக’.

போதும் என்பது எப்படி ஏராளம் ஆகும்? இரண்டும் வேறு வேறு இல்லையா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தமிழைப் பாருங்கள். விருந்துக்குப் போகிறோம். ‘சாம்பார் இருக்கிறதா?’ என்று உள்ளே குரல் கொடுக்கிறார் பரிமாறுகிறவர். ‘வேண்டிய மட்டும் இருக்கிறது’ என்று பதில் வருகிறது. அந்தப் பதிலின் பொருள் அண்டா நிறைய இருக்கிறது என்பது. ஆனால் சொல்லைப் பிரித்தால் என்ன? எவ்வளவு வேண்டுமோ அந்த அளவு வரை. மட்டு என்பது எல்லை. மட்டு இல்லாதது ‘மட்டற்ற’ மகிழ்ச்சி. மட்டு வரை இருப்பதையும் மட்டைத் தாண்டுவதையும் நாம் ஒரே தாராளத்தோடு சொல்கிறோம். ‘திருப்தியாகச் சாப்பிட்டேன்’ என்பதும் இப்படித்தான். அரை வயிறு சாப்பிட்டவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இது தமிழும் ஐரிஷும் மட்டும் செய்த காரியமும் அல்ல. லத்தீனில் ‘அத் சாத்திஸ்’ என்றால் ‘போதும் என்ற அளவுக்கு’. அதிலிருந்து பிரெஞ்சில் ‘அசே’ வந்தது. அதற்கு இன்று ‘போதும்’ என்று பொருள். அதே வேரிலிருந்து இத்தாலியில் ‘அசாய்’ வந்தது. அது ‘மிகவும்’ ஆகிவிட்டது. மேற்கத்திய இசை படித்தவர்கள் தாளின் மேலே ‘அலெக்ரோ அசாய்’ என்று பார்த்திருப்பார்கள். மிக விரைவாக வாசி என்பது பொருள். போதுமான அளவு விரைவாக என்று எடுத்துக்கொண்டு யாரும் மெதுவாக வாசிப்பதில்லை. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று போதும் என்றது, இன்னொன்று மிகுதி என்றது.

என் கணக்கு இதுதான்: தட்டில் என்ன விழும் என்று தெரியாத காலத்தில், போதுமான அளவு என்பதே பெரிய அளவு. அதைச் சொல்பவர் குரலில் நிறைவு இருக்கும். கேட்பவர் அந்த நிறைவைப் பிடித்துக்கொள்வார், அளவை விட்டுவிடுவார். ஆங்கிலேயர் காதில் விழுந்தபோது நிறைவு மட்டுமே விழுந்தது. ஆங்கில கலோருக்குள் ‘போதும்’ என்ற பொருள் இப்போது துளியும் இல்லை.

அப்படியானால் ஐரிஷ்காரர்கள் உண்மையிலேயே ‘போதும்’ என்று சொல்ல என்ன செய்வார்கள்?

‘லோர்’ தனியாக இன்னும் அந்த வேலையைச் செய்கிறது. ‘இஸ் லோர் நொத் தொன் ஓலக்’ என்று ஒரு பழமொழி உண்டு: அறிந்தவனுக்கு ஒரு குறிப்பே போதும். இங்கே லோர் என்பது சுத்தமான ‘போதும்’. ‘கு’ ஒட்டினால்தான் அது ‘நிறைய’ என்ற பக்கம் சாயும். ‘கு லோர் தீன’ என்றால் நிறையப் பேர்.

சாப்பாட்டு இலையில் கையை மறித்து ‘எனக்குப் போதும்’ என்பதற்கு ‘தோஹன்’ என்று வேறொரு சொல் வைத்திருக்கிறார்கள். ‘என் வயிறு கொள்ளும் அளவு’ என்பது போன்ற சொல். ஐரிஷ் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாகப் பிடிக்க முடியாது, நான் எழுதியிருப்பதெல்லாம் கிட்டத்தட்டத்தான்.

ஐரிஷ் என்பது ஆங்கிலத்தின் ஒரு வட்டார வழக்குதானே?

இல்லை, இல்லை. இதைக் கேட்டால் அயர்லாந்துக்காரர்கள் வருத்தப்படுவார்கள். ஐரிஷ் கெல்டிக் கிளையைச் சேர்ந்தது, ஆங்கிலம் ஜெர்மானியக் கிளை. வினைச்சொல்லை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைக்கும் மொழி ஐரிஷ். நாம் கடைசியில் வைக்கிறோம், ஆங்கிலம் நடுவில் வைக்கிறது.

1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஐரிஷ்தான் அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி, ஆங்கிலம் இரண்டாவது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழிகளிலும் ஒன்று. தாளில் அவ்வளவு மரியாதை. ஆனால் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர்தான். பள்ளியில் படித்ததோடு சரி என்று விட்டவர்களே அதிகம்.

கலோர் ஸ்காட்லாந்துச் சொல் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறாரே?

அவர் முழுக்கத் தவறில்லை. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியிலும் இதே ‘கு லோர்’ இருக்கிறது. ஐரிஷும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்த மொழிகள். அகராதிகள் பெரும்பாலும் ஐரிஷைத்தான் முன்னால் வைக்கின்றன. மூன்றாவது உடன்பிறப்பும் உண்டு: அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் நடுவே உள்ள மான் தீவின் மாங்க்ஸ் மொழி. அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான நெட் மாட்ரெல் 1974இல் இறந்தார். ஆனாலும் ‘த்ரே தி லியூர்’ என்ற மாங்க்ஸ் தொடர் தீவில் இன்றும் புழங்குகிறது. ‘நேரம் வேண்டிய மட்டும் இருக்கிறது, அவசரம் என்ன?’ என்று பொருள். மேலே சொன்ன ‘ஆம் கு லோர்’ தொடரின் தங்கை.

ஸ்காட்லாந்தோடு இந்தச் சொல்லை உலகம் சேர்த்து நினைப்பதற்கு ஒரு கப்பலும் காரணம். 1941 பிப்ரவரியில் ‘பொலிட்டிஷியன்’ என்ற சரக்குக் கப்பல் லிவர்பூலிலிருந்து ஜமைக்கா நோக்கிக் கிளம்பி, மேற்குத் தீவுகளில் எரிஸ்கே அருகே பாறையில் தட்டி நின்றது. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட விஸ்கி புட்டிகள். போர்க்காலம், தீவில் குடிக்க ஒன்றும் இல்லை. தீவுக்காரர்கள் இரவில் படகுகளில் போய் எண்ணெய் படிந்த பெட்டிகளை இறக்கிக்கொண்டார்கள். சுங்கத்துறை வீடு வீடாகத் தேடியது, சிலர் சிறைக்கும் போனார்கள். இதை வைத்து 1947இல் ஒரு நாவலும் 1949இல் ஒரு படமும் வந்தன. இரண்டின் தலைப்பிலும் விஸ்கிக்குப் பின்னால் கலோர் உட்கார்ந்திருந்தது. எண்ண முடியாத பொருளோடு சேரும் என்று முன்பு சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்துக்குள் எப்போது நுழைந்தது?

17ஆம் நூற்றாண்டில். கப்பல்காரர்கள் வாய்வழியாகப் பரவியது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரே தளத்தில் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து உண்டு குடித்து வேலை செய்யும் இடத்தில் உணவையும் பானத்தையும் பற்றிய சொல் முதலில் ஒட்டிக்கொள்வது இயல்புதானே. நெடுங்காலம் எழுத்துக்கூட்டல் நிலைக்கவில்லை; இரண்டு ‘எல்’ போட்டு எழுதியவர்களும் உண்டு. காதால் கேட்டு எழுதிய சொல் என்பதற்கு அதுவே சாட்சி.

பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்த நாட்டிலிருந்து ஏராளத்துக்கான சொல்லா? முரணாக இல்லையா?

காலக்கணக்கைப் பாருங்கள். உருளைக்கிழங்குப் பயிரைப் பூஞ்சை போன்ற நோய்க்கிருமி தாக்கியது 1845இல். கலோர் ஆங்கிலத்துக்கு வந்து அதற்குள் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆகவே பஞ்சத்தின் ஏக்கத்தில் பிறந்த சொல் என்று கதை கட்ட முடியாது.

ஆனால் அந்தப் பஞ்சத்துக்கும் சொல்லின் தாய்மொழிக்கும் உறவு உண்டு. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் சுமார் 65 லட்சம். அதிகம் அடிபட்டவை ஐரிஷ் பேசிய ஏழை மேற்குப் பகுதிகள். அதே ஆண்டுகளில் தானியமும் கால்நடையும் துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அயர்லாந்தில் அந்த ஆண்டுகளை ஐரிஷில் ‘பெரும் பஞ்சம்’ என்றும், ‘கெட்ட காலம்’ என்றும் சொல்வார்கள். ‘போதும்’ என்பது எவ்வளவு பெரிய சொல் என்று மேலே எழுதியபோது இதுவும் என் நினைவில் இருந்தது.

பெங்களூர், வேலூர் எல்லாம் ஆங்கிலத்தில் ‘லோர்’ என்றுதானே முடிகின்றன? தொடர்பு உண்டா?

சிரித்துவிட்டுக் கடக்க நினைத்தேன், ஆனால் ஐந்து பேராவது கேட்டுவிட்டார்கள். தொடர்பு இல்லை. அங்கே இருப்பது நம் ‘ஊர்’. வேலூர், நெல்லூர், கடலூர் எல்லாவற்றிலும் ஆங்கிலேயர்கள் அந்த ‘ஊர்’ ஒலியை ‘ஓர்’ என்று எழுதினார்கள். தஞ்சாவூரும் கோயம்புத்தூரும் அப்படித்தான் சிக்கின. பெங்களூரை 2014 நவம்பரில் கர்நாடகம் ‘பெங்களூரு’ என்று ஆங்கிலத்திலும் திருத்திக்கொண்டது. தமிழ்நாடு 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களுக்குப் புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

இரண்டு கதைக்கும் பொது ஒன்றே ஒன்று: அயல்மொழியைக் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் பிடித்துப் போட்ட கை ஒன்றுதான். அதனால் கடைசி மூன்று எழுத்தும் ஒன்றாகிவிட்டன.

வேறு ஐரிஷ் சொற்களும் ஆங்கிலத்தில் உண்டா?

விஸ்கியே ஐரிஷ்தான். ‘இஷ்க பஹ’ என்றால் உயிர்நீர். அதில் நீர் மட்டும் மிஞ்சியது. சுக்குநூறு என்று நாம் சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஸ்மிதரீன்ஸ்’ என்பார்கள், அதன் வாலில் இருக்கும் ‘ஈன்’ ஐரிஷில் சின்னது என்று காட்டும் ஒட்டு. பிரிட்டனின் பழமைவாதக் கட்சியினரை ‘டோரி’ என்கிறார்கள். ஐரிஷில் அதன் மூலம் தலைமறைவுக் கொள்ளைக்காரனைக் குறித்தது. கட்சிக்காரர்களே இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நம் சொல்லுக்கு நெருங்கிய கூட்டாளி ‘ஸ்லூ’. ‘எ ஸ்லூ ஆஃப்’ என்று அமெரிக்கர்கள் எழுதினால் ‘ஏகப்பட்ட’ என்று பொருள். ஐரிஷில் ‘ஸ்லுவ’ என்றால் படை, பெருங்கூட்டம். ஸ்காட்லாந்துக் கேலிக்கில் படையின் போர்க்கூச்சல் ஒரு கூட்டுச்சொல். அதுதான் சுருங்கி ‘ஸ்லோகன்’ ஆனது. சுவரில் நாம் எழுதும் கோஷத்துக்குள்ளும் அந்தப் படை நிற்கிறது. ஒரு எச்சரிக்கை: ‘எ ஸ்லூ ஆஃப்’ சரி என்பதால் ‘எ கலோர் ஆஃப்’ சரியாகிவிடாது.

என் மகள் டப்ளினில் நர்ஸ். அங்கே ‘நலமா?’ என்றால் சிலர் ‘க்யார்த் கு லோர்’ என்கிறார்களாம். ஏராளமான நலமா?

இல்லை அம்மா. ‘க்யார்த்’ என்றால் சரி. இரண்டும் சேர்ந்தால் ‘சரிதான், பரவாயில்லை’ என்ற அளவுதான். இங்கே கு லோர் தன் பழைய அடக்கத்துக்குத் திரும்பி, ‘போதுமான அளவு’ என்று மட்டும் நிற்கிறது. கிராமத்தில் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றால் ‘ஏதோ இருக்கிறோம்’ என்பார்களே, அதைவிட ஒரு படி மேலே.

ஆனால் மகளை ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். நல்ல என்ற ‘மஹ்’ முன்னால் வந்து ‘மஹ் கு லோர்’ என்றால் ‘பரவாயில்லை’ என்றும் பொருள்படும். ஒருவர் கொஞ்சம் போதையில் இருக்கிறார் என்றும் பொருள்படும். வார்டில் ஒரு நோயாளியைப் பற்றி அவருடைய அண்ணன் அப்படிச் சொன்னால், முகத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

அந்தத் துண்டுப் பிரசுரத்தில் தமிழில் என்ன போட்டிருக்கலாம்?

அதை அச்சடித்தவரே ஒருநாள் வகுப்பில் சேர்ந்து இதைக் கேட்டார். ‘சலுகைகள் வேண்டிய மட்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். சொல் வரிசைகூட ஒத்துப்போகிறது என்று விளக்கினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறு தீபாவளிக்கு அதே மஞ்சள் தாள் வந்தது: ‘ஏராளம்! தாராளம்! ஆஃபர்ஸ் கலோர்!’